கடைக்குப் போகாத கேள்வித்தாள்

பிரிண்டரின் சின்னத் திரையில் வந்த வரியை நந்திதா மூன்றாம் முறையாகப் படித்தாள். நெட்வொர்க் எதுவும் கிடைக்கவில்லை என்றது அது. நெட்வொர்க் இரண்டடி தள்ளி, டிவிக்குப் பக்கத்தில், பச்சை விளக்கோடு நின்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. மறுநாள் எட்டு மணிக்குள் ஒன்பதாம் வகுப்பு இடைப்பருவத் தேர்வின் கணக்குக் கேள்வித்தாள், முப்பத்தெட்டுப் பிரதிகள், கவரில் போட்டு ஒட்டித் தலைமையாசிரியரின் மேசையில் இருக்க வேண்டும்.

நந்திதா சூலூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருடமாகக் கணக்கு எடுக்கிறாள். பள்ளியின் ஜெராக்ஸ் மிஷின் சனிக்கிழமை மதியம் நின்றுவிட்டது. தலைமையாசிரியர் லட்சுமணசாமி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், கடைக்கு மட்டும் போயிராதீங்க. போன தடவ சயின்ஸ் பேப்பருக்கு என்னாச்சுன்னு உங்களுக்கே தெரியுமுங்க."

தெரியும். அறிவியல் ஆசிரியர் ஒரு ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்தார். கேள்வித்தாளின் நகல் ஒன்று கடைக்காரரின் கம்ப்யூட்டரில் தங்கிவிட்டது. சாயங்காலம் அது பிள்ளைகளின் போனில் இருந்தது. ஆசிரியர் வேண்டுமென்று செய்யவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த மாதம் அவர் வேலையை விட்டுப் போனபோது வழியனுப்ப யாரும் வாசல்வரைகூட வரவில்லை.

"உங்க ஊட்டுலயே அடிச்சு, சீல் வெச்சுக் கொண்டாந்துருங்க. உங்கள நம்பித்தானுங்க குடுக்கறேன்."

அந்த 'நம்பித்தானுங்க'வை வீடிருக்கும் ஒண்டிப்புதூர் வரைக்கும் பஸ்ஸில் சுமந்துகொண்டு வந்தாள் நந்திதா.

பிரிண்டர் அவள் கல்யாணமான வருடம் வாங்கியது. அச்சடிக்கும், ஸ்கேன் செய்யும், காப்பி எடுக்கும். நாலு வருடமாகப் பரண் மேல் இருந்தது. லேப்டாப்போடு அதை இணைக்கும் வயரைக் காணோம். மாமனார் சென்னியப்பன் வீடு முழுக்கத் தேடி மூன்று வயர்களைக் கொண்டுவந்தார். ஒன்று மிக்சியுடையது, ஒன்று பழைய ரேடியோவுடையது. மூன்றாவது எதனுடையது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வைஃபையைத் தவிர வேறு வழியில்லை என்று ஆயிற்று.

கணவன் கிருபாசங்கர் பொள்ளாச்சியில் ஒரு நிச்சயதார்த்தத்தில் இருந்தான். நந்திதா போன் செய்தாள்.

"ஏனுங்க, பிரிண்டருக்கு நம்ம வைஃபை கண்ணுக்கே தெரியமாட்டேங்குதுங்க."

"அது பழைய மிஷினு நந்திதா. நம்ம ரூட்டரு புதுசு, இது பேசற வேகம் அதுக்குப் புரியாது. ரூட்டர் செட்டிங்ஸ்ல போய் ரெண்டாப் பிரிச்சுவிடு. புதுசுக்கு ஒரு பேரு, பழசுக்கு ஒரு பேரு."

அவன் சொல்லச் சொல்லப் பிரித்தாள். பிரிந்த நொடியில் டிவி முன்னாலிருந்து சென்னியப்பன் குரல் கொடுத்தார்.

"அம்மணி, சாமி நின்னுபோச்சு."

டிவியில் அவர் அபிஷேகம் நேரலை பார்த்துக்கொண்டிருந்தார். பால் குடம் பாதி சாய்ந்த நிலையில் அர்ச்சகர் உறைந்து நின்றார்.

"ஒரு அஞ்சு நிமிசமுங்க மாமா. வந்துரும்."

"பால் கீழ உழுகாம நிக்குது அம்மணி. பாக்கச் சங்கடமா இருக்குது."

பிரிண்டருக்கு இப்போது வைஃபை தெரிந்தது. பாஸ்வேர்டு கேட்டது. நந்திதா மறுபடி போன் செய்தாள்.

"மெசேஜ்ல அனுப்பட்டுமா?" என்றான் கிருபாசங்கர்.

"சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"இங்கிலீசுல, எல்லாம் சின்ன எழுத்து. கோவக்காரி. நடுவுல ரெண்டு 'கே', ரெண்டு 'ஏ'. கடைசியில நூத்தியெட்டு."

நந்திதா எழுதிக்கொண்டாள்.

"அது சும்மா வெளையாட்டுக்கு வெச்சது நந்திதா."

"நீங்க விருந்தச் சாப்பிட்டுப்போட்டு வாங்க. ஊட்டுல பேசிக்கலாமுங்க."

பிரிண்டரில் எழுத்துப் பலகை கிடையாது. மேல் அம்பு, கீழ் அம்பு, ஒரு ஓகே பொத்தான். 'கே' வருவதற்குப் பத்துத் தடவை அழுத்த வேண்டும். பதினோராவது அழுத்து விழுந்தால் 'எல்' வந்துவிடும். தன் குணத்தைத் தானே எழுத்துக்கூட்டி மூன்று முறை அழுத்தி முடித்தாள். மூன்று முறையும் தவறு என்றது பிரிண்டர்.

இந்த இடத்தில் அவள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். ஆனால் மணி பதினொன்றரை. ரூட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதைக் குத்தினால் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும் என்று எங்கோ படித்திருந்தாள். கம்மலைக் கழற்றி, அதன் தண்டால் குத்தினாள்.

எல்லாம் புதிதாகத்தான் ஆரம்பித்தது. வைஃபையின் பெயர் போயிற்று, பாஸ்வேர்டு போயிற்று, கடைசியில் பச்சை விளக்கும் போய்ச் சிவப்பு வந்தது. இணைய கம்பெனிக்காரர் நேரில் வந்தால்தான் இனிச் சரியாகும் என்றும், திங்கட்கிழமைதான் ஆள் வருவார் என்றும் போனில் ஒரு பெண் கனிவாகச் சொன்னாள்.

சென்னியப்பன் டிவியை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பது வருடம் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். ஓடாத மிஷினுக்குப் பக்கத்தில் சும்மா இருக்க அவரால் முடியாது.

"என்னதான் அம்மணி அடிக்கோணும்?"

"கேள்வித்தாளுங்க மாமா. வெளிய யாரு கண்ணுலயும் படக்கூடாது."

"அப்ப நானும் பாக்கக்கூடாதா?"

"நீங்க பாத்தா என்னங்க."

"வேண்டாம். ரகசியம்னா ரகசியம்தான்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நந்திதா தன் போனில் தேடினாள். ஒரு பக்கத்தில் நல்ல சேதி இருந்தது. இந்த மாதிரிப் பிரிண்டர்களுக்கு ரூட்டரே தேவையில்லை, லேப்டாப்பிலிருந்து நேரடியாகப் பிரிண்டரோடு இணைத்துக்கொள்ளலாம், பாஸ்வேர்டு ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எண்கள். லேப்டாப்பில் பார்த்தாள். பட்டியலில் பிரிண்டர் கம்பெனியின் பெயரும் அதற்குப் பின்னால் சில எழுத்துகளும் இருந்தன. தொட்டாள். எட்டு எண்களை அடித்தாள். இணைந்துவிட்டது.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பிரதி அனுப்பினாள்.

அச்சாகிவிட்டது என்றது லேப்டாப். பிரிண்டர், காலையிலிருந்து அடிக்கடி செய்ததுபோலவே, உள்ளே எதையோ ஒரு தடவை நகர்த்திவிட்டு அமைதியாயிற்று. தாள் வரவில்லை.

இரண்டு பிரதி அனுப்பினாள். அச்சாகிவிட்டது. தாள் வரவில்லை.

ஒருவேளை தாளில்தான் கோளாறோ என்று பார்த்தாள். பரணிலிருந்த தாள்கள் மஞ்சளடித்து, அப்பளம்போல் வளைந்திருந்தன. புது பண்டல் வாங்கக் கீழே இறங்கினாள்.

குடியிருப்பின் வாசலிலேயே ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் தம்பிதுரை அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்னங்க மிஸ், ஞாயித்துக்கெழமையும் ஸ்கூல் வேலைங்களா? போன்ல இருந்தா அனுப்பியுடுங்க, ரெண்டு நிமிசத்துல அடிச்சுத் தாரேன்."

கடைக்குள் பெரிய மிஷின் ஒன்று வெதுவெதுப்பாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் தட்டில் யாருடைய ஆதார் நகலோ அழகாக வந்து விழுந்தது. இரண்டு நிமிடம். மேலே போய்க் காப்பி குடித்துவிட்டுத் தூங்கலாம். நந்திதா போனை முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க. ஊட்டுலயே மிஷின் இருக்குதுங்க. பேப்பர் மட்டும் குடுங்க."

படியேறும்போது, இந்த வாழ்க்கையில் ஒரு பெரிய தவறு செய்யாமல் தப்பித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

புதுத் தாள் வைத்தும், முன்பு அனுப்பியவை வரவில்லை. சென்னியப்பன் பிரிண்டரின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.

"மோட்டார் ஓடுது."

"ஓடுதுங்க மாமா."

"தண்ணி வரல."

"வரலீங்க."

"அப்ப ஏர் லாக்குதான் அம்மணி. நாலு வருசமா ஓடாத மிஷினு, உள்ள காத்துப் புடிச்சுக் கெடக்கும். நீ ஒண்ணு ரெண்டுன்னு சொட்டுச் சொட்டா உட்டா எப்படி ஏறும்? ஃபுல் லோடு குடு. தள்ளிக்கிட்டு வந்துரும்."

கணக்கு டீச்சருக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவளிடம் வேறு யோசனையும் இல்லை. நாற்பது பிரதி என்று போட்டு அனுப்பினாள்.

லேப்டாப் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனது. நடுவில் இரண்டு முறை தாள் தீர்ந்துவிட்டது என்றது. தட்டு நிறையத் தாள் இருந்தது. இது பொய் சொல்லுகிறது என்று சென்னியப்பன் தீர்மானமாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அதுவே சமாதானமாகி மேலே எண்ணியது. நாற்பதும் அச்சாகிவிட்டது என்றது. பிரிண்டர் வாய் மூடியபடியே இருந்தது.

மணி இரண்டேகால். இருவரும் சாப்பிடவில்லை. நந்திதா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாசல்வரைகூட யாரும் வராமல் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போன அறிவியல் ஆசிரியரின் முதுகு அவள் கண்ணுக்குள் நின்றது.

சென்னியப்பன்தான் கேட்டார். "இந்தக் கண்ணாடி மூடி எதுக்கு அம்மணி?"

"அது காப்பி எடுக்கறதுக்குங்க மாமா. ஒரு பேப்பர வெச்சா அதே மாதிரி இன்னொண்ணு..."

நந்திதா நிமிர்ந்தாள். காப்பி எடுக்க லேப்டாப் வேண்டாம், ரூட்டர் வேண்டாம், கோவக்காரியும் வேண்டாம். கையால் ஒரு தாள் எழுதி வைத்தால் போதும்.

லேப்டாப்பில் ஒரு பக்கமாக இருந்தது கையெழுத்தில் இரண்டு பக்கம் ஆயிற்று. ஸ்கேல் வைத்து முக்கோணம் வரைந்தாள், காம்பஸ் வைத்து வட்டம் வரைந்தாள். இருபது கேள்விகளையும் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தபோது மணி நாலு. கண்ணாடியில் கவிழ்த்துப் பொத்தானை அழுத்தினாள். பிரிண்டர் இருமியது, செருமியது, தாளை இழுத்தது. குறுக்கே ஒரு கறுப்புக் கோட்டோடு, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, முதல் பக்கம் வெளியே வந்தது.

"நாஞ் சொல்லல?" என்றார் சென்னியப்பன். "காத்து போயிருச்சு."

ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அவள் அழுத்த, அவர் தாளைக் கவிழ்த்தபடியே அடுக்கினார், ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்காமல். முப்பத்தெட்டும் முடிந்ததும் நந்திதா லேப்டாப்பிலிருந்த கேள்வித்தாளை அழித்தாள். அழித்தவை போய்ச் சேரும் இடத்திலிருந்தும் அழித்தாள். கையால் எழுதிய மூலத்தைப் புடவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வீணான தாள்களைச் சுக்குநூறாகக் கிழித்தாள். சென்னியப்பன் எங்கிருந்தோ ஒரு துண்டு சிவப்பு அரக்கு கொண்டுவந்து, மெழுகுவர்த்தியில் காட்டி, கவரின் வாயில் சொட்டவிட்டார். ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காக நந்திதா கையெழுத்துப் போட்டாள்.

லட்சுமணசாமிக்குப் போன் செய்தாள். "சார், முடிஞ்சுதுங்க. சீல் வெச்சாச்சுங்க. ஒரு ஈ காக்கா பாக்கலீங்க."

"எனக்குத் தெரியுமுங்க டீச்சர்," என்றார் அவர். "அதுக்குத்தான் உங்ககிட்டக் குடுத்தேன்."

அவள் கவரை மடியில் வைத்துக்கொண்டு, அன்று முதல் முறையாகக் காப்பி குடித்தாள். அப்போது அழைப்பு மணி அடித்தது.

கீழ்வீட்டு வெங்கடம்மாள் நின்றிருந்தார். இரண்டு மாதம் முன்புதான் குடிவந்தவர். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பையைப் போல ஒரு துணிப்பையை மார்போடு அணைத்தபடி அவர் மகள் மானசா. மானசா ஒன்பதாம் வகுப்பு. நந்திதாவின் வகுப்பு.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க மிஸ்," என்றார் வெங்கடம்மாள். "மத்தியானத்துல இருந்து எங்க ஊட்டுப் பிரிண்டர் தானா ஓடிட்டே இருந்துச்சுங்க. பேப்பர் தீர்ந்து தீர்ந்து கேட்டுச்சு, நானும் போட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் பாத்தா மேல உங்க பேரு இருந்துச்சுங்க."

பட்டியலில் தெரிந்த கம்பெனிப் பெயர் மட்டும்தான் தன்னுடையது, பின்னால் இருந்த எழுத்துகள் கீழ்வீட்டுப் பிரிண்டருடையவை என்பது நந்திதாவுக்கு இப்போது புரிந்தது.

"யாராவது... படிச்சீங்களா?"

"ஐயோ, இல்லீங்க. ரகசியம்னு போட்டிருந்துச்சுங்களே. நான் ஒரு எழுத்துக்கூடப் பாக்கல. எல்லாத்தையும் மொகத்தக் கவுத்து அடுக்கி வெச்சுப்போட்டேன். எண்ணிப் பாத்துக்கோங்க."

நந்திதா பையை வாங்கி எண்ணினாள். நாற்பத்து மூன்று. ஒன்றும் இரண்டும் நாற்பதும். இரண்டாம் முறை எண்ணினாள். ஒரு தாளும் குறையவில்லை. சென்னியப்பன் மூக்குக்கண்ணாடி இருந்த சட்டைப்பையைத் தொட்டு, சாமி இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் நந்திதா. "நீங்க எவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்க."

"இதுல என்னங்க இருக்குது. வாரோமுங்க." வெங்கடம்மாள் படியிறங்கினார்.

மானசா இறங்கவில்லை. ஏதோ சொல்ல வேண்டும், சொல்லத் தயக்கம் என்பதுபோல வாசலிலேயே நின்றாள்.

"என்ன கண்ணு?"

"மிஸ், பதினேழாவது கணக்கு தப்பா இருக்குதுங்க. கிளாஸ் குரூப்புல எல்லாருமே போட்டுப் பாத்துட்டோம், ஒருத்தருக்கும் விடை வரலீங்க."