கேள்வி அல்ல, ஒரு சின்னக் கருத்து

பேச்சாளர் பேசுவதற்கும் மற்றவர்கள் கேட்பதற்கும்தான் கூட்டம் என்று இன்னும் நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், கேள்வியாளர் என்ற பிராணியை நீங்கள் சந்தித்ததில்லை என்று அர்த்தம். அவர் பேச்சைக் கேட்க வருவதில்லை. கேள்வி நேரத்துக்கு வருகிறார். அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் அவருக்கு ரயில் வராத பிளாட்பாரம். உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

இந்த இனத்தின் நன்கு விளைந்த மாதிரி ஒன்று கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் பக்கம் வசிக்கிறது. பெயர் ராஜமாணிக்கம். ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் குனிந்த தலை நிமிராமல் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மற்றவர்கள் சர்க்கரையையும் பேரப்பிள்ளைகளையும் கவனித்துக்கொள்ள, இவர் உலகத்தைக் கவனித்துக்கொள்வது என்று முடிவு செய்தார். அதற்கு வசதியாகப் பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகம் சர்வதேச விவகாரப் பள்ளி என்று ஒன்றை நடத்துகிறது. பள்ளி என்றதும் சீருடையும் மணியும் நினைவுக்கு வரவேண்டாம். அங்கே மாணவர்களைவிட ஓய்வு பெற்ற தூதர்கள் அதிகம். மாதத்துக்கு இரண்டு முறையாவது பொதுமக்களுக்கென்று கூட்டம் போடுவார்கள். அனுமதி இலவசம், ஏசி உண்டு, முடிந்ததும் சமோசா உண்டு. உலக அமைதிக்கு வேறென்ன வேண்டும்?

கூட்டம் உள்ள நாளில் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் காலை ரயிலில் ராஜமாணிக்கம் ஏறிவிடுவார். பெங்களூருக்குப் பிழைக்கப் போகிற கூட்டம் சீட்டாடிக்கொண்டும், நின்றபடியே தூங்கிக்கொண்டும் போகும். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைய கேள்வியை உதட்டுக்குள் ஒத்திகை பார்ப்பார். தைவான் என்றால் தைவான், உக்ரைன் என்றால் உக்ரைன், வடதுருவத்துப் பனி உருகுகிறது என்றால் அதுவும். தலைப்பு மாறும். அவருடைய கேள்வி மாறாது.

அரங்கில் அவர் இடம் மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம். பேச்சாளர் நன்றி சொல்ல வாயெடுக்கும்போதே, ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி கை பாதி உயர்ந்திருக்கும். மைக்கைக் கொண்டுவரும் மாணவி அதைத் தானே பிடித்துக்கொள்ளப் பார்ப்பாள். நடக்காது. அவர் பிடுங்கிக்கொள்வார், நன்றாகவே வேலை செய்கிற மைக்கை இரண்டு தட்டு தட்டுவார், பேச்சாளருக்குப் பாதி முதுகைக் காட்டிச் சபையைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், பிறகு, “இது கேள்வி அல்ல, ஒரு சின்னக் கருத்து. மூன்று பாகமாகச் சொல்கிறேன்” என்பார். கேள்விக்கு வாருங்கள் என்று யாராவது கெஞ்சினால், வந்துகொண்டே இருக்கிறேன் என்பார். வந்ததில்லை.

ஆனாலும் அவரை யாரும் உட்காரச் சொல்வதில்லை. ஏன்? அவருடைய முதல் வாக்கியம் அப்படி. “உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று இருந்த ஊரிலிருந்து வருகிறேன். சூரியனைப் பார்க்காத என் தாத்தாவின் பேரனாகப் பேசுகிறேன்.” அரங்கம் அடங்கிவிடும். கண்ணாடி போட்ட பேராசிரியைகள் தலை குனிவார்கள். இருட்டில் கூண்டில் இறங்கிப் பாறை உடைத்த ஒரு தாத்தாவை நினைத்து உருகுகிறவர்களிடம், அந்தத் தாத்தா தரைக்கு மேலே விளக்கு ரூமில் உட்கார்ந்து, இறங்குகிறவனுக்கு விளக்கைக் கொடுத்து, ஏறி வருகிறவனிடம் வாங்கி வைத்தவர், கூண்டு இறங்கும் ஷாஃப்டுக்குள் எட்டிப் பார்க்கவும் பயந்தவர் என்பதை யார் போய்ச் சொல்வது? பெங்களூருக்குத் தெரியாது. தங்கவயலுக்குத் தெரியும். அதனால் அந்த வாக்கியம் ரயிலேறிய பிறகுதான் உயிர் பெறும்.

இப்படி எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, அந்தப் பள்ளிக்கு மக்களைத் தேடிப் போக வேண்டும் என்ற ஆசை வந்தது. ‘தாதுக்களும் உலக அரசியலும்’ என்று தலைப்பு வைத்து, கூட்டத்தைத் தங்கவயலிலேயே, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள்.

அதே சமயம் தங்கவயலின் இன்னொரு மூலையான பாலகாட்டில் வேறொன்று நடந்திருந்தது. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைட் மண் அங்கே மலையாகக் கிடக்கிறது. அதன் அடிவாரத்தில் வரிசையாக, அந்த நாளில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகள். ஒரு நாள் யாரோ நாலு பேர் வந்து, கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல், ஒவ்வொரு வீட்டு நிலைப்படி ஓரமும் சிவப்புப் பெயின்டில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். அந்த மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்தை அரித்தெடுக்க ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வரப்போகிறதாம் என்று மட்டும் பேச்சு. வீட்டுக்கு எதற்கு நம்பர்? தாலுகா ஆபீசில் கேட்டால் தெரியாது. இப்போது அந்தக் கம்பெனியின் ஆலோசகரே மண்டபத்து மேடைக்கு வருகிறார் என்று நோட்டீஸ் சொன்னது.

அந்த லைனில் இருப்பவள் நளினி. பெங்களூரில் தையல் கம்பெனிக்கு அதே காலை ரயிலில் போகிறவள். ராஜமாணிக்கத்தின் ஒத்திகைகளை எதிர் சீட்டிலிருந்து பல மாதம் பார்த்தவள். அவற்றைப் பார்த்து அவளுக்கு அவர்மேல் மரியாதை வந்திருந்தது. மனிதர்கள் இப்படியும் ஏமாறுகிறார்கள்.

“அண்ணே, நீங்கதான் பெரிய பெரிய ஆளுங்களையே கேள்வி கேக்கறவரு. எங்களுக்காவ ஒண்ணே ஒண்ணு கேளுங்க. வூட்டை இடிப்பாங்களா, மாட்டாங்களா? அவ்ளோதான்.”

“கேட்டுடலாம்மா. ஆனா அத்த அப்பிடியே கேக்கக் கூடாது. அதுக்கு ஒரு ஃப்ரேம் போடணும்.”

“இன்னா ஃப்ரேம் வேணா போடுங்கண்ணே. உள்ள படம் இருந்தா சரி.”

லைன்காரர்கள் கூடிப் பேசி ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார்கள். ஆளாளுக்குக் கை தூக்கினால் மைக் எங்கெங்கோ போய்விடும்; நாம் யாரும் தூக்க வேண்டாம், அவர் ஒருத்தர் மட்டும் தூக்கட்டும். ஷிப்டுக்கு நடுவே வந்தவர்கள், லீவு போட்டு வந்தவர்கள், அத்தனை பேரும் அன்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மேடையில் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனங்கள். ஒன்றில் ஓய்வு பெற்ற தூதர், மற்றதில் கம்பெனி ஆலோசகர். நடத்திக்கொடுக்க வந்த பேராசிரியருக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. உலக வரைபடத்தில் தூதர் தன் பேச்சில் தொடாத இடமில்லை. ஆலோசகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார். கீழே இத்தனை பேர் தன்னையே பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. எந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். மதியம் வளைகாப்புக்கு மண்டபத்தை விட்டிருப்பதால் சுருக்கமாகக் கேளுங்கள் என்று பேராசிரியர் கேள்வி நேரத்தைத் தொடங்கினார்.

ஒரே ஒரு கை உயர்ந்தது. மைக் வந்தது. இரண்டு தட்டு. சபையைப் பார்த்துத் திரும்பினார். “உலகத்தின் மிக ஆழமான” என்று வாயைத் திறந்தவருக்கு, இரண்டாவது வரிசையில் அதே ஊர்க்காரர் பர்னபாஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. பர்னபாஸின் தாத்தா உண்மையிலேயே கூண்டில் இறங்கியவர். விளக்கை யாரிடம் வாங்கிக்கொண்டு இறங்கினார் என்பது பேரனுக்கும் தெரியும்.

இந்த ஊரில் தாத்தா செல்லாது. ராஜமாணிக்கம் திகைத்தது அரைக் கணம்தான். “போன மாதம் பெங்களூரில், சர்வதேச விவகாரப் பள்ளியில், இதே தூதர் அவர்களிடம் நான் சொன்னதுபோல” என்று ஆரம்பித்தார். பெங்களூரில் தங்கவயலாக இருந்தவர் தங்கவயலில் ஜெனீவாவாகிவிட்டார். காங்கோவின் கோபால்ட்டில் இறங்கி, சிலியின் லித்தியத்தில் ஏறி, இரண்டாவது பாகத்தை ‘அ’ என்றும் ‘ஆ’ என்றும் பிரித்து, ‘ஆ’வுக்குள் நுழைந்தபோது வெளியே வாழைமரம் வந்து இறங்கிவிட்டது. கேள்விக்கு வாருங்கள் என்றார் பேராசிரியர். வந்துகொண்டே இருக்கிறேன் என்றார்.

நளினியின் கேள்வியை அவர் மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். அது தொண்டையிலேயே நின்றது. ஆனால் ஜெனீவாவைச் சுற்றி வந்த வாயால் ‘வீட்டை இடிப்பீர்களா’ என்று எப்படிக் கேட்பது? அவ்வளவு சின்னது, அவ்வளவு வெறும் காலோடு வந்து நிற்பது, தூதர் முன்னால். எல்லாவற்றையும்விட மோசம், அதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒருவர் பதில் சொல்லிவிட முடியும். பதில் சொல்லக்கூடிய கேள்வியை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

“ஆகவே, இது கேள்வி அல்ல, ஒரு சின்னக் கருத்து” என்று முடித்து உட்கார்ந்தார்.

முதலில் கை தட்டியவர் ஆலோசகர். கடைசி வரை தட்டியவரும் அவர்தான்.

நளினி எழுந்து கை தூக்கியபோது மைக்செட்காரன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பேச்சாளர்கள் ஏறிய வேனுக்கு ஓடினாள். ஜன்னலோரம் ஆலோசகர். அவள் வாயைத் திறக்குமுன்பே, உங்கள் ஆளே எல்லாம் சொல்லிவிட்டாரே அம்மா, எவ்வளவு அழகாகச் சொன்னார், குறித்துக்கொண்டோம் என்று கன்னடத்தில் கனிவாகச் சொன்னார். கண்ணாடி ஏறியது.

மண்டபத்து வாசலில் ராஜமாணிக்கம் ஒரு கையில் சமோசாவோடு நின்றிருந்தார். தூதரோடு எடுத்த போட்டோ நன்றாக வந்திருந்தது.

“இன்னாண்ணே, நம்ம கேள்வி?”

“கேட்டேனேம்மா. ரெண்டாவது பாகத்துல, உள்ளுக்குள்ள இருந்துச்சு.”

“உள்ள இருந்தது அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.”

பக்கத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த பர்னபாஸ் நிமிராமலே சொன்னார்: “உங்க தாத்தா மேலயே நின்னாலும், எறங்கறவன் கையில வெளக்கையாவது குடுத்து அனுப்பினாரு ராஜா. நீ அத்தயும் புடுங்கி வெச்சிக்கினியே.”

அதைத் தன் குடும்பத்தைப் பற்றிய நல்ல வார்த்தையாகவே ராஜமாணிக்கம் எடுத்துக்கொண்டார்.

பிறகு அந்தப் பள்ளி வெளியிட்ட அறிக்கையில், உள்ளூர் மக்கள் உலகளாவிய பார்வையுடன் கலந்துகொண்டதாகவும், அவர்களிடமிருந்து எதிர்ப்பு எதுவும் எழவில்லை என்றும் இருந்தது. ராஜமாணிக்கத்தை அடுத்த கூட்டத்தில் மேடையிலேயே உட்கார அழைத்திருக்கிறார்கள், மக்கள் குரலாக. பாலகாட்டில் சிவப்பு நம்பருக்குப் பக்கத்தில் இப்போது நீலத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. எதற்கு என்று தெரியவில்லை. நளினி ரயிலில் வேறு பெட்டிக்கு மாறிவிட்டாள்.

சிரித்தீர்கள் அல்லவா? இந்த மாதிரி ஒருவரை உங்களுக்கும் தெரியும், பெயரைக்கூடச் சொல்வீர்கள். “எனக்கு இதில் சேர்த்துச் சொல்ல ஒன்று இருக்கிறது, ஒரு நிமிஷம்தான் ஆகும்” என்றும் இந்நேரம் உங்களுக்குத் தோன்றியிருக்கும். சொல்லுங்கள், யார் தடுத்தது? ஆனால் மைக்கைத் தட்டுவதற்கு முன் பின்வரிசையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். உங்களை நம்பி யாரோ கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.