கடைசி வண்டிக்குப் பின்னால்

கிருஷ்ணராஜ் எழுந்தான். பாயைச் சுருட்டினான். தண்ணீர் கொதிக்க வைத்து, பிளேன்டீ ஊற்றி, நின்றபடியே குடித்தான். கேஸ் சிலிண்டரை மூடினான். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, மூடியிருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தான்.

"கேஸ பூட்டினீங்களா?" என்பதுதான் தயானி அவனிடம் கடைசியாகக் கேட்டது. அவன் "ம்" என்றான். ஒரு கல்யாண வாழ்க்கையை முடித்துவைக்க இது போதாது என்று நினைத்தோ என்னவோ, செத்த வீட்டில் ஆளுக்கொரு கடைசி வார்த்தையைக் கொண்டுவந்தார்கள். "அம்மா" என்றாள் என்றார் மாமியார். "முருகா" என்றாள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு பேரும் அப்போது அவள் பக்கத்தில் இல்லை. அவனும் இல்லை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் ஜீப்போடு மலையில் இருந்தான்.

மேசையில் வோக்கிடோக்கி சார்ஜர் இருந்தது. இரண்டு குழி. ஒன்றில் அவனுடையது. அவள் வீட்டிலிருந்து பேசுவதற்கு வைத்திருந்தது மற்றது; அந்தக் குழி ஒரு வருஷமாகக் காலி. எங்கே போனதென்று அவன் தேடவில்லை.

வெளியே ரொட்டி விற்கும் பாண் வண்டியின் பாட்டுக் கேட்டது. ஊரே அறிந்த மெட்டு. ஷுக்ரி நானா த்ரீவீலரை நிறுத்தினார். அவர் மனைவி ஸுபைரா, பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக உட்கார்ந்திருந்தாள். சில்லறையும் பேச்சும் அவள் பொறுப்பு.

"பணிஸ் எடுங்க தம்பி, சூடா ஈக்கி."

"பின்னால பாக்கலாம் ராத்தா."

"எல்லாத்துக்கும் பின்னால பாக்கலாம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே வாய்தான்." சொல்லிவிட்டு ஸுபைரா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று ஷுக்ரி நானா கேட்டார். ஜீப் பயணம் உள்ள ஞாயிறெல்லாம் கேட்பார்.

"நமுனுகுல. மூடிக் கிடக்கிற தோட்டம் ஒண்ணு."

"பனி எறங்குமே."

"எறங்கும்."

அதற்கு மேல் அவன் அவர்களோடு பேசுவதில்லை. பாண் வாங்க வந்த இடத்தில் விழுந்த தயானியை, பாண் தட்டுகளை ரோட்டோரம் இறக்கிவிட்டு, அந்த த்ரீவீலரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட இல்லாதவர்களெல்லாம் கடைசி வார்த்தை சொன்னார்கள். கூட இருந்த இந்த இரண்டு பேர் மட்டும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்டால், அதோடு முடிந்துவிடும்.

அரை ராத்தல் பாண் வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

*

ஸப்ரான் பெட்ரோல் செட்டில் காத்திருந்தான். பதுளை டவுனில் டயர் கடை வைத்திருப்பவன். மாதம் ஒருமுறை ஜீப்புக்காரர்களைச் சேர்த்துக் காட்டுப் பாதையில் கூட்டிப்போவான். முதல் வண்டி அவனுடையது. இரண்டாவது, கொழும்பிலிருந்து மனைவியோடு வந்திருந்த ஒருவருடைய புத்தம்புது ஜீப். மூன்றாவது தினேஸ். கடைசி கிருஷ்ணராஜ்.

"சட்டம் ஒண்ணுதான்," என்றான் ஸப்ரான். "கண்ணாடியப் பாத்து ஓட்டுங்க. பின்னால வாற வண்டி தெரியாட்டி நில்லுங்க. தெரிஞ்ச பொறவு போங்க. முன்னுக்குப் போறவன் எப்படியும் போவான். பின்னால வாறவன்தான் உங்க பொறுப்பு."

"அப்ப கடைசி வண்டி?" என்றார் கொழும்புக்காரர்.

"அதுக்குப் பின்னால யாருமில்ல சேர். அவன் யாரையும் பாக்கத் தேவையில்ல."

பிறகு கிருஷ்ணராஜைத் தனியே இழுத்து, "மச்சான், இன்னைக்கும் பின்தங்கினா உன்ன நடுவுல போட்டிருவேன். அதுக்குப் பொறவு உனக்குக் கடைசி எடம் கெடையாது," என்றான்.

போன மாதம் அவன் பின்தங்கினான். ஸப்ரான் தேடி வந்தபோது எஞ்சின் அணைந்திருந்தது. கிருஷ்ணராஜ் பாறை விளிம்பில் நின்றான். "என்னடா செய்ற?" என்றதற்கு, "பாத்துக்கிட்டு நிக்கிறேன்," என்றான். பார்க்க அங்கே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து ஸப்ரான் அவனிடம் காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோலப் பேசினான்.

கிருஷ்ணராஜுக்கு அந்தக் கடைசி இடம் வேண்டும். பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கும்போது, கடையில், சொந்தக்காரர் வீட்டில், எங்கேயும் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். யாரும் பார்க்காத இடம் ஒன்றுதான் மிச்சம். கண்ணாடியில் வெறும் பாதை. அதுவும் போனால் அவனிடம் வேறு எதுவும் இல்லை.

*

மூடிய தோட்டத்தில் தேயிலை மரமாக வளர்ந்திருந்தது. கூரை போன தொழிலாளர் லயங்களில் கதவுகள் மட்டும் நின்றன. சில கதவுகள் பூட்டியும் இருந்தன. பனி இறங்கியது. முன்னால் தினேஸின் பின்விளக்கு இரண்டு சிவப்புப் புள்ளிகளாகத் தெரிந்தது.

கிருஷ்ணராஜ் பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தான்.

பின்னால் ஒரு வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

ஒன்று. ஒற்றை வெளிச்சம். பாதையின் நடுவில், தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில், அவசரமில்லாமல்.

அவன் வோக்கிடோக்கியை எடுத்தான். "ஸப்ரான், நாம எத்தன வண்டி?"

"என்னடா கேள்வி? நாலு."

"எனக்குப் பின்னால ஒண்ணு வருது."

"உனக்குப் பின்னாலதான் ஒண்ணும் இல்லையே."

"அதத்தான் சொல்றேன். நிப்பாட்டிப் பாக்கிறேன்."

அவன் நிறுத்தினான். வெளிச்சமும் நின்றது. நின்று, அணைந்தது.

இப்போது சட்டம் குறுக்கே வந்தது. பின்னால் வருவது தெரியாவிட்டால் நிற்க வேண்டும். கிருஷ்ணராஜ் நின்றான். அவனைக் காணாமல் தினேஸ் நின்றான். தினேஸைக் காணாமல் கொழும்புக்காரர் நின்றார். அவரைக் காணாமல் ஸப்ரான் நின்றான். இல்லாத ஒரு வண்டிக்காக நான்கு வண்டிகள் மலையில் காத்து நின்றன.

"அண்ணே," வோக்கிடோக்கியில் தினேஸின் குரல் இறங்கிப்போயிருந்தது. "ஒத்த வெளிச்சம்னா அது முனி ஓட்டம். எங்க தோட்டத்துல கண்டிருக்காங்க. திரும்பிப் பாக்காதீங்க."

"சட்டமே கண்ணாடியப் பாக்கணும்ங்கிறதுதானேடா."

"கண்ணாடியில பாத்தா பரவாயில்லையாண்ணே? தெரியல. எதுக்கும் டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சீங்களா?"

"முனின்னா என்ன?" என்று கொழும்புக்காரர் குறுக்கிட்டார். அவருக்குப் பின்னாலிருந்து மனைவி, "நான் அப்பவே சொன்னேன், எல்லவுக்கு டூர் போவோம்னு," என்பதும் கேட்டது.

"ஒண்ணுமில்ல சேர்," என்றான் ஸப்ரான். "கிருஷ்ணா, ஓரங்கட்டு. வேற வண்டின்னா தாண்டிப் போகட்டும்."

"சரி, ஓரங்கட்டுறேன்."

கிருஷ்ணராஜ் ஓரங்கட்டினான். எதுவும் தாண்டவில்லை. "கெளம்புறேன்" என்று சொல்லி மறுபடி கிளம்பினான். வெளிச்சம் மறுபடி வந்தது. அவனுக்கு ஒன்று புரிந்தது: அவன் வாயால் எதைச் சொல்கிறானோ, அதை அது செய்கிறது.

பொத்தானை அழுத்தி, மெதுவாகக் கேட்டான். "யாரது?"

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு, டிக். டிக்.

யாரோ பேசாமல் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினார்கள்.

தயானி அப்படித்தான். அவன் "மேல ஏறிட்டேன்" என்று சொன்னால், அடுப்படியிலிருந்து பேச நேரமில்லாமல் இரண்டு தரம் அழுத்துவாள். சரி என்று அர்த்தம்.

"அது யாரு அமத்தினது?" என்றான் ஸப்ரான்.

"நான் இல்ல," என்றான் தினேஸ்.

"நாங்களும் இல்ல," என்றார் கொழும்புக்காரர். "என் கை நடுங்குது, ஆனா பொத்தான்ல இல்ல."

"போதும்," என்றான் ஸப்ரான். "கிருஷ்ணா, நீ முன்னுக்குப் போ. தினேஸ் கடைசி."

இடம் மாறினார்கள். வெளிச்சம் வரவில்லை. தினேஸுக்குப் பின்னால் வெறும் பனி.

"பாத்தீங்களாண்ணே? அது ஒங்களத்தான் தேடி வந்திருக்கு," என்றான் தினேஸ். ஆறுதலாகச் சொன்னதாக அவன் நினைப்பு.

"இனிமே நீ நடுவுலதான் மச்சான்," என்றான் ஸப்ரான்.

கிருஷ்ணராஜ் கியரை மாற்றினான். நடுவில் உட்கார்ந்து ஓட்டினான். கண்ணாடியில் தினேஸின் முகம் அவனையே பார்த்துக்கொண்டு வந்தது.

அது ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. கடைசி வண்டியில் தனியே இருப்பது தினேஸுக்கு ஒத்துவரவில்லை. முதல் வளைவிலேயே ஹோர்னை அமுக்கிக்கொண்டு கிருஷ்ணராஜைத் தாண்டிப் பறந்தான். பனிக்குள்ளிருந்து கத்திக்கொண்டு வந்ததைக் கண்ட கொழும்புக்காரர், முனி வந்துவிட்டது என்று ஜீப்பை மிதித்தார். பின்னால் பாய்ந்து வந்தவரிடமிருந்து தப்ப ஸப்ரானும் மிதித்தான். ஒவ்வொருவரும் யார் தன் பொறுப்போ அவனுக்கே பயந்து ஓடினார்கள்.

கிருஷ்ணராஜ் அவசரப்படவில்லை. மறுபடி கடைசி ஆள்.

கண்ணாடியில் வெளிச்சம் திரும்ப வந்தது. ஏனோ, அவனுக்கு மூச்சு இறங்கியது.

அந்தப் பாதை மலையைச் சுற்றி, கொழுந்து நிறுத்த பழைய மடுவத்தில் தன்னோடு தானே போய்ச் சேரும். சந்தியில் நின்று, பின்வண்டியைப் பார்த்துத் திரும்ப வேண்டும். யாரும் நிற்காமல் மறுபடி அதே வட்டத்தில் ஏறினார்கள்.

"மச்சான்," என்றது வோக்கிடோக்கி. ஸப்ரானின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "எனக்கு முன்னால ஒரு சிவப்பு வெளிச்சம் போகுது. நான்தானே முதல் வண்டி? எனக்கு முன்னால யாரு?"

கிருஷ்ணராஜ் கணக்கு வாத்தியார். உடனே புரிந்தது. ஸப்ரான் சுற்றி வந்து பின்னால் சேர்ந்துவிட்டான். அவனுக்கு முன்னால் அந்த வெளிச்சம். அதற்கு முன்னால் கிருஷ்ணராஜ். அவனுக்கு முன்னால் தினேஸ், கொழும்புக்காரர், மறுபடி ஸப்ரான். மலையில் இப்போது கடைசி வண்டி என்று ஒன்று இல்லை.

"எல்லாரும் நில்லுங்க," என்றான். "நான் எறங்குறேன்."

"டேய், எறங்காத! போன தடவயும் இப்படித்தான் எறங்கின. டேய்!"

அவன் இறங்கினான். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வெளிச்சம் இந்தத் தடவை அணையவில்லை. முன்னும் பின்னும் அடைபட்டு நின்றது. அவன் அதை நோக்கி நடந்தான். பொத்தானை அழுத்தினான்.

"தயானி?"

இரைச்சல். டிக். டிக்.

அவன் இன்னும் நடந்தான். கண் கூசியது. கையை நீட்டித் தொடும் தூரம் வந்தபோது, பனிக்குள் யாரோ பதறி எதையோ தட்டினார்கள். மலை முழுக்க அந்த மெட்டுப் பாட ஆரம்பித்தது.

பாண் வண்டி.

"நிப்பாட்டுங்க! அந்தப் பாட்ட நிப்பாட்டுங்க!" என்று உள்ளே ஸுபைரா கத்தினாள். "காலயில இருந்து கேக்கிறேன், ஆளில்லாத தோட்டத்துல ஆருக்குப் பாண் விக்கப் போறீங்க எண்டு. பனிக்குத் தனியா விடப் பயந்து நானும் வந்து ஏறினேனே!"

பாட்டு நின்றது. ஸப்ரான் கையில் ஜாக்கிக் கம்பியோடு ஓடி வந்து, கம்பியைக் கீழே போட்டுவிட்டு, கிருஷ்ணராஜின் தோளைப் பிடித்துக்கொண்டான். தினேஸும் கொழும்புக்காரரும் வந்தார்கள். கொழும்புக்காரர் குனிந்து சக்கரங்களைப் பார்த்தார்.

"இதுக்கும் ஃபோர்வீல் இருக்கா?"

"மூணுதான் சேர்," என்றார் ஷுக்ரி நானா.

அவர் மடியில் தயானியின் வோக்கிடோக்கி கிடந்தது. அவள் ஒட்டிய சிவப்பு டேப் அப்படியே இருந்தது.

"அன்னைக்கு தங்கச்சி கையில இருந்தது வண்டிலயே தங்கிருச்சு. திருப்பித் தரத்தான் நெனச்சேன் தம்பி. ஆனா இது இல்லாட்டி நீங்க எங்க நிக்கிறீங்க, எப்ப கெளம்புறீங்கண்டு தெரியாதே. பேசினா கொரல் தெரிஞ்சிரும். அதான் பாண் வாங்க வாறப்ப தங்கச்சி அமத்துற மாதிரி..."

"எத்தன நாளா வாறீங்க?"

"எல்லாப் பயணமும்தான். முன்னெல்லாம் தள்ளி வந்தேன். போன மாசம் நீங்க அந்தப் பாறையில நிண்டீங்க. எனக்குக் கை கால் ஓடல. நான்தான் ஹோர்ன அடிச்சிட்டு ஒளிஞ்சேன். அதுலதான் ஸப்ரான் தம்பி திரும்பி வந்தாரு. அதுக்குப் பொறவு கிட்டவே வாறேன்."

கிருஷ்ணராஜ் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஒரு வருஷமாகக் கேட்காததைக் கேட்டான்.

"ஏன் நானா?"

"அவ சென்னா தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில. எஞ்சின் சத்தத்துலயும் நான் நல்லாக் கேட்டேன். 'அவரு வண்டி ஓட்டுறப்போ பின்னால பாத்துக்கங்க' எண்டா. மௌத்தாப் போற புள்ள பொறுப்புக் குடுத்தா தட்டலாமா?"

தினேஸ் மூக்கை உறிஞ்சினான். கொழும்புக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

ஸுபைரா மட்டும் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன மனுஷன் நீங்க! புள்ளட தலய மடியில வெச்சிட்டு இருந்தது நான். தம்பிக்கு இந்த ரேடியோவுல செல்லட்டா எண்டு நீங்க கேட்டீங்க. அதுக்கு அவ சென்னது, 'அவரு வண்டி ஓட்டுவாரு. பின்னால பாத்துக்கலாம்.'"