தோண்டியவர் மூடலாகாது என்ற தத்துவம் குறித்து மாப்பிள்ளைக்கு

பொது நிர்வாகத் துறைப் பேராசிரியரும் என் ஒரே மகளின் கணவருமான மாப்பிள்ளை அவர்களுக்கு, ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டராகிய உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் மாமியாரின் இடது கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கு நீங்கள், மகள், உங்கள் தத்துவங்கள் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கால் எப்படி உடைந்தது என்று மகள் போனில் கேட்டபோது "வழுக்கிவிட்டது" என்று மட்டும் சொன்னேன். அது பாதி உண்மை. மீதியை உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். எங்கள் வாசலுக்கு எதிரே தண்ணீர்க் குழாய் உடைந்து தெருவெல்லாம் ஓடியது. நகராட்சி ஆட்கள் மறுநாளே வந்து எங்கள் வாசல் கேட்டுக்கு நேராகத் தோண்டி, குழாயை ஒட்டவைத்து, கையைக் கழுவிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். அவ்வளவு சுறுசுறுப்பைப் பார்த்து எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஆனால் பள்ளம் ஆள் உயரத்துக்கு அப்படியே வாயைத் திறந்துகொண்டிருந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டு, "எப்பப்பா மூடுவீங்க?" என்றேன். அவர் ஏதோ கெட்ட வார்த்தை கேட்டவர் போல என்னைப் பார்த்தார். "மூடுறது நாங்க இல்ல சார். நாங்க தோண்டல் பிரிவு. மூடலுக்கு வேற ஆளுங்க." "மண்ணு இங்கேயே குவிஞ்சிருக்கு, மண்வெட்டி உங்க கையில இருக்கு, தள்ளிவிட்டாப் போதுமேப்பா." "தள்ளினா எனக்கு மெமோ வரும் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பள்ளத்தின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு நாங்கள் குடித்தனம் நடத்தினோம். பால்காரர் தெருமுனையோடு திரும்பிப் போனார். நான் அந்தக் காலத்து உடம்பு, கைகளை விரித்துக்கொண்டு நடந்துவிடுவேன். உங்கள் மாமியார் என்ன, என்னிடம் பயிற்சி எடுத்தவரா? மழை பெய்த காலையில் கண் டாக்டரைப் பார்க்கக் கிளம்பியவர் பலகையோடு பள்ளத்துக்குள் போய்விட்டார். எதிர்வீட்டுத் தையல்காரரும் நானும் ஏணி இறக்கி மேலே கொண்டுவந்தோம். கணுக்கால் எலும்பு முறிவு. வலியிலும் அவர் கேட்டது ஒன்றுதான்: "இந்த வீட்ல மூடுறதுக்கு ஒரு ஆம்பளை இல்லையா?" நானே மூடக் கிளம்பினேன், மாப்பிள்ளை. முதல் கூடை மண்ணைக் கொட்டும்போது ஒரு நகராட்சி ஊழியர் சைக்கிளை நிறுத்தி, "அரசாங்கப் பள்ளத்துல கை வைக்கிறது குற்றம் சார்" என்று மரியாதையாக எச்சரித்துவிட்டுப் போனார்.

சரி, முறைப்படியே போவோம் என்று அலுவலகத்துக்குப் போனேன். மூடல் பிரிவு குமாஸ்தா எழுந்து நின்று எனக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார். நல்ல மனிதர். "பள்ளம் இருக்குன்னு தோண்டல் பிரிவு எங்களுக்குச் சொல்லணும் சார். நீங்க சொன்னா அது வெறும் தகவல். அவங்க சொன்னாத்தான் அது பள்ளம்." தோண்டல் பிரிவு எங்கே என்றேன். அடுத்த மேசையைக் காட்டினார். இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் கேன்தான் இருந்தது. அங்கே இருந்தவரும் தங்கமானவர், உங்கள் மாமியார் காலைப் பற்றிக் கேட்டு உச்சுக்கொட்டினார். "அப்படியே திரும்பி இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இவரும் நானும் ஒண்ணா டீ குடிப்போம் சார். ஆனா அலுவல் பேச மாட்டோம். நான் என் மேலதிகாரிகிட்ட சொல்லணும், அவர் அவருக்கு மேல சொல்லணும், அங்கேயிருந்து இவரோட மேலதிகாரிக்கு வந்து, அப்புறந்தான் இவருக்கு இறங்கும்." தண்ணீர்க் கேனைத் தாண்டுவதற்கு மொட்டைமாடி வரை ஏறி இறங்க வேண்டும் என்று எனக்கு விளங்கியது.

ஒருவழியாக ஓர் ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். மழைத்தண்ணீர் விளிம்பு வரை நின்றது. "இது இப்போ பள்ளம் இல்ல சார். தண்ணி தேங்குற இடம். சுகாதாரப் பிரிவுக்குத்தான் போகணும்" என்றார். சுகாதாரப் பிரிவு மட்டும் உடனே வந்தது. வெள்ளைப் பொடியைத் தூவி, "இங்கு குளிக்கக் கூடாது" என்று பலகை நட்டுவிட்டுப் போனது. கட்டுப்போட்ட காலோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உங்கள் மாமியார் அதைப் படித்துவிட்டு, "நல்ல வேளை, சோப்பு எடுத்துக்கிட்டுப் போகல நான்" என்றார்.

அன்றுதான் எனக்குப் பொறுமை போயிற்று. நேரே அலுவலகம் போய், பையிலிருந்த விசிலை எடுத்து முழு மூச்சோடு ஊதினேன். கூடம் முழுக்க எழுந்து நின்றது. ஒருவர் 'அட்டென்ஷன்'கூட அடித்தார், பழைய மாணவனோ என்னவோ. ஆணையர் பதறி வெளியே வந்து என்னைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். "முன்னாடி தோண்டினவங்களே மூடிட்டிருந்தாங்க சார், அன்னிக்கே மூடிடுவாங்க. ஆனா அதுல நிபுணத்துவம் இல்லையாம். இப்போ சீர்திருத்தம் பண்ணியிருக்கோம். பணிப்பகுப்பு, அதிகாரப் படிநிலை, ஆள் பார்க்காத நடுநிலை. ஒரு பெரிய நிபுணர் எழுதிக் கொடுத்த அறிக்கை" என்று பெருமையாக ஒரு தடிப் புத்தகத்தை என் முன்னால் வைத்தார்.

பின்னட்டையில் உங்கள் படம், மாப்பிள்ளை. கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறீர்கள்.

"தெரிஞ்சவரா சார்?" என்று ஆணையர் கேட்டார். "இல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த அறிக்கை வெளியானபோது தெருவில் எல்லோரையும் நிறுத்தி நிறுத்தி உங்கள் புகழ் பாடியவன் நான். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் உங்கள் மாமியார், "அடுத்த தடவை மாப்பிள்ளை வரட்டும். சமைக்கிறது நான், பரிமாறுறது வேற பிரிவு. அந்தப் பிரிவு வர்ற வரைக்கும் இலையையே பார்த்துக்கிட்டு உட்காரட்டும்" என்றார்.

நீங்கள் படித்தவர். அரசு ஓர் உடம்பு, அதிகாரவர்க்கம் அதன் முதுகெலும்பு என்று எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து சொன்னீர்கள். இருக்கட்டும். ஆனால் உங்கள் முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவும் பக்கத்துக் கணுவோடு பேசக் கூடாது என்று விதி வைத்திருக்கிறீர்களே, அந்த உடம்பு எப்படி ஐயா குனியும்? நான் பார்த்தவரை அங்கே ஒருவரும் கெட்டவரில்லை, சோம்பேறியுமில்லை. நாற்காலி கொடுத்தார்கள், உச்சுக்கொட்டினார்கள். உங்கள் அறிக்கைதான் அத்தனை நல்லவர்களையும் சேர்த்து உபயோகமற்ற ஒரு பொருளாகச் செய்திருக்கிறது. அதற்கு உண்மையிலேயே பெரிய படிப்பு வேண்டும். அணிவகுப்பு எத்தனை அழகாக இருந்தாலும், எதிரே சுவர் வந்தால் "திரும்பு" என்று கத்த ஒருவன் வேண்டும் என்பதை நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆகவே அந்த அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதுவரை இந்தப் பக்கம் வர வேண்டாம். வந்தாலும் உள்ளே வர வழியில்லை.

மகளுக்கு என் அன்பு. உங்கள் அறிவு குறைந்து ஆயுள் கூட வாழ்த்தும்,
மாமனார்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது வாசலில் லாரிச் சத்தம். நான் இதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் மாமியார் ஆணையருக்குப் போன் போட்டு, "அந்தப் புத்தகம் எழுதினவரோட மாமியார் பேசுறேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம். தோண்டல், மூடல், சுகாதாரம் மூன்றும் ஒரே வண்டியில் வந்து, பள்ளத்தை மூடி, தாரும் போட்டு, மீதித் தாரை நம் வீட்டு முற்றம் வரை பூசிவிட்டார்கள். ஆணையரே நின்று பார்வையிட்டார், எனக்கு வணக்கம் வைத்தார். ஆகவே அறிக்கையை இப்போதைக்குத் திரும்பப் பெற வேண்டாம். ஆழ்ந்து யோசித்தால் அதில் சில நல்ல கருத்துகள் இருக்கின்றன. கொஞ்ச நேரம் முன்பு தையல்காரர் வந்து, அவர் வாசலிலும் தோண்டிவிட்டார்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார். ஆள் பார்த்து வேலை செய்வது நிர்வாகத்துக்கு நல்லதில்லை, முறைப்படி மேலதிகாரி வழியாக வாருங்கள் என்று எடுத்துச் சொல்லி அனுப்பினேன்.