அன்பு உள்ளம் அஞ்சலை அம்மாள்

பொறாமைப்படப் பெரிய காரணம் வேண்டும் என்று யார் சொன்னது? கமலாவுக்குப் பொங்கலுக்குப் போக ஒரு வீடு இருந்தது. எனக்கு அது போதும்.

இருவரும் ஒரே அநாதை இல்லத்தில் வளர்ந்தவர்கள். பதினெட்டு வயதானால் வெளியேற வேண்டும். பொறுப்பாளர் அம்மா என்னைத் திருவாரூரில் ஒரு தையற்கடையில் சேர்த்து, அதன் பின்னறையில் தங்க வைத்தார். கமலாவையோ, திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத்து அஞ்சலை அம்மாள் தன் வீட்டோடு வைத்துக்கொண்டார். (அவளைவிட நான் நன்றாகப் பாடுவேன். மூக்கும் எனக்குத்தான் எடுப்பு. யார் பார்த்தார்கள்?)

பொங்கலுக்குக் கடையைப் பூட்டினார்கள். போக இடமில்லாமல் நின்ற என்னைக் கமலா கூப்பிட்டாள். எப்படியாவது அஞ்சலை அம்மாளை மயக்கி, தீபாவளிக்கும் அழைப்பு வாங்கிவிடும் திட்டத்தோடு பஸ் ஏறினேன்.

அறுவடைக் கூலிக்காக மிராசுதாரோடு தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். பந்தியில் சங்கத்து ஆட்களும் இருந்தார்கள். எங்கள் இல்லத்தில், அன்றைய சோற்றைக் கொடுத்தவரை எழுந்து நின்று வாழ்த்திவிட்டுத்தான் சாப்பிடுவோம். இங்கே சோறு விழுந்ததும் எல்லோரும் பிசைய ஆரம்பித்துவிட்டார்கள். கமலாகூட! நன்றி கெட்டவள் என்று உள்ளுக்குள் மகிழ்ந்து, நான் எழுந்து கையைக் கட்டிக்கொண்டேன்.

“இன்றைய மதிய உணவை வழங்கிய அன்பு உள்ளம் அஞ்சலை அம்மாள் அவர்கள் பல்லாண்டு...”

“வாழ்க” என்று கமலா தன்னை மறந்து எழுந்துவிட்டாள். எதிரே இருந்த சங்கத்துக்காரர், கோஷம் போட்ட பழக்கம், சோற்றுக் கையை உயர்த்தி “வாழ்க” என்றார். பருக்கைகள் என் மேல் தெறித்தன.

அஞ்சலை அம்மாள் சிரிக்கவில்லை.

“ரெண்டு பேரும் உக்காருங்க. மிராசுதார் முன்னாடி கைகட்டி நின்னது போதும்னுதான் நாங்க கொடி புடிச்சோம். என் வீட்டுக்குள்ளயே கைகட்டி நிக்கிறீங்களே” என்றார். பிறகு என்னிடம், “வீட்டுச் சோத்துக்கு யாரும் வாழ்க போட மாட்டாங்க. கொறதான் சொல்லுவாங்க. சொல்லு, கொழம்பு எப்படி இருக்கு?”

அவமானத்தில் பொய் வரவில்லை. “உப்பு கம்மிங்க” என்றேன்.

அவர் முகம் அப்போதுதான் மலர்ந்தது. “இது பேச்சு. தீபாவளிக்கும் வந்துடு.”

இப்போது எங்கள் இருவருக்கும் அதுதான் தாய்வீடு. நான் போனால் அந்தத் தெருக் குழந்தைகள் எழுந்து நின்று “வாழ்க” என்று கத்துவார்கள். கமலா மட்டும் சிரிக்க மாட்டாள். “நான் வந்ததுலேர்ந்து உப்பில்லாத கொழம்ப வாயத் தொறக்காமத் தின்னுக்கிட்டுக் கெடந்தேன். இவ ஒரே நாள்ல கொற சொல்லி மகளாயிட்டா” என்பாள்.