என் சோளக்காட்டில் முளைத்த ரோமாபுரி

பதுவா நகரில் வக்கீலாகப் பெயரெடுத்திருக்கும் மரியாதைக்குரிய மச்சான் அல்விசே அவர்களுக்கு, உங்கள் தங்கை ஓர்சோலாவைக் கட்டிக்கொண்ட சான்தே பணிவோடு எழுதுவது. நான் சுகம். பன்றிகள் சுகம். உங்கள் தங்கையும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். ஈஸ்டரிலிருந்து என்னோடு பேசுவதில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உங்கள் மூட்டுவலிக்காக மறக்காமல் ஜெபிக்கிறோம்.

நான் வம்பைத் தேடிப் போகிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் காரணம் பக்கத்து வயல் குவெரினோ. என் கல்யாணத்தில் ஒரு முழு வாத்தைத் தனியாளாகத் தின்றானே, அவனேதான். போன கோடையில் இங்கே சொட்டு மழை இல்லை. என் வயலின் கிழக்கு மூலையில் எந்தக் கோடையிலும் சோளம் கோடு கோடாக மஞ்சளாகும். பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று வெட்கப்பட்டு, வருடா வருடம் செய்வதுபோல விடியும் முன்பே குழாயை இழுத்துப்போய் அந்தக் கோடுகளுக்கு மட்டும் தண்ணீர் காட்டி, வயல் முழுக்கப் பச்சைப்பசேல் என்று வைத்திருந்தேன். குவெரினோ அத்திமரத்தடியில் குறட்டை விட்டான். அவன் சோயா தீய்ந்துபோனது. அந்த நேரம் பார்த்துப் பல்கலைக்கழகத்து விமானம் மேலே பறந்து படம் எடுத்திருக்கிறது. பிறகு மரிலேனா என்ற பேராசிரியை வந்தார். மண்ணுக்கடியில் பழைய சுவர் இருந்தால் மேலே பயிருக்கு ஈரம் போதாதாம், அந்த இடம் மட்டும் சீக்கிரம் மஞ்சளாகுமாம், வானத்திலிருந்து பார்த்தால் புதைந்த ஊரே தெரியுமாம். குவெரினோவின் வயலில் தெரிந்தது ரோமானியர் காலத்து நாடக அரங்கம்! என்னைப் பார்த்து அந்த அம்மாள், “உங்க வயல்ல ஒண்ணுமே இல்லீங்க, ஒரே பச்சை” என்றார். உழைத்தவனுக்குப் பச்சை, தூங்கியவனுக்கு அரங்கம். வயிறு எரிந்தது மச்சான்.

அதற்குப் பிறகு ஒயின் கடைக்குள் நான் தலைகாட்ட முடியவில்லை. “ஏம்ப்பா சான்தே, ரோமாபுரிக்காரனுங்க உன் வரப்பு வரைக்கும் வந்து பார்த்துட்டு, சேச்சேன்னு திரும்பிட்டாங்களாமே!” என்பான் குவெரினோ. கடையே சிரிக்கும்.

எத்தனை நாள்தான் பொறுப்பது? இந்த வருடம் ஈஸ்டர் வாரத்தில் விதைத்த கையோடு நானும் ஒரு கட்டடம் போட்டேன். பன்றி இறைச்சியை உப்பிட்டுச் சலாமி போட ஓர்சோலா வாங்கி வைத்திருந்த உப்பு மூட்டையை எடுத்துப்போய், கயிறு கட்டி, கோடு பிடித்துத் தூவினேன். மண் சரியில்லாமல் எப்படியும் சோளம் உருப்படாத மூலை அது, நஷ்டம் இல்லை. ஆனால் எந்தக் கட்டடத்தைப் போடுவது? என் ஆயுளில் நான் அளந்து கட்டியது நம் பன்றிக் கொட்டில் ஒன்றுதானே! அதையே போட்டேன். அன்றைக்கு நீங்கள் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி யாரோடோ அரசியல் பேசிக்கொண்டிருந்ததில் வாசல் கோணிப்போய், இன்றுவரை நம் பன்றிகள் ஒருக்களித்துத்தானே வெளியே வருகின்றன. அந்தக் கோணலையும் விடாமல் போட்டேன்.

ஜூலையில் விமானம் வந்தது. மறுவாரம் பேராசிரியை படத்தோடு ஓடிவந்தார், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. “ஐயா, இப்படி ஒண்ணு எங்கயுமே கிடைச்சதில்லீங்க! பாருங்க, வரிசையா சின்னச் சின்ன ரூமு. கத்திச் சண்டை போடற கிளாடியேட்டருங்களை அடைச்சு வெச்ச இடம்!”

“வாசல் கோணலா இருக்கே?” என்றேன், மனசு கேட்காமல்.

“அதுதாங்க அற்புதமே! சூரியனைப் பார்த்து வேணும்னே திருப்பியிருக்காங்க. கட்டினவன் மகா மேதை!”

உங்களைத்தான் சொன்னார் மச்சான். வாழ்த்துகள்.

உங்கள் தங்கை என்னோடு பேசாவிட்டாலும் எனக்குக் கேட்கும்படி பன்றியோடு பேசுவாள். “கேட்டியாடி? நீ கிளாடியேட்டராம். உன்னைச் சலாமி போட வீட்ல உப்பில்ல, பொழைச்சுப் போ.”

கொஞ்ச நாள் ராஜா மாதிரி இருந்தேன். குவெரினோ தன் காசில் எனக்கு ஒயின் வாங்கித் தந்தான் என்றால் பாருங்கள்! ஆனால் நேற்று பேராசிரியையின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்: திங்கட்கிழமை தோண்டுகிறார்களாம், இனி நாலு வருடம் வயலில் ஏர் படக்கூடாதாம். சோளம் இல்லாமல் பன்றி எதைத் தின்னும், நாங்கள் எந்த மாவில் பொலெந்தா கிண்டுவது? உண்மையைச் சொன்னால் குவெரினோ என் கல்லறை வரைக்கும் வந்து சிரிப்பான். சொல்லாவிட்டால் நிலம் போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். உப்பு என்ற வார்த்தையே வராமல் தோண்டலை நிறுத்த ஏதாவது சட்டம் இருக்குமே, அதோடு உடனே புறப்பட்டு வாருங்கள்.

பன்றிகளைக் காக்கும் வனத்து அந்தோணியார் உங்கள் மூட்டுகளையும் சேர்த்துக் காப்பாராக. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
மானமா சோளமா என்று தவிக்கும்
சான்தே

பின்குறிப்பு: ஆகஸ்ட் விடுமுறையில் தபால் நிலையத்தைப் பூட்டிப் போய்விட்டார்கள், கடிதம் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. நல்லதாகப் போயிற்று. நீங்கள் வர வேண்டாம். மேலே உள்ளதைப் படித்துவிட்டு அடுப்பில் போடுங்கள். திங்களன்று தோண்டினார்கள். என் கோட்டுக்கடியில் ஒன்றும் இல்லை. ஒரு முழம் தள்ளி நிஜமாகவே சுவர் இருந்தது! நான் இத்தனை வருடம் தண்ணீர் ஊற்றி மறைத்த மஞ்சள் கோடுகள் அவைதான். வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், கல் தொட்டி, கூடை கூடையாகப் பன்றிப் பல். கிளாடியேட்டர் ஒருவரும் இல்லை. ரோமானியர் காலத்துப் பன்றிக் கொட்டில். பேராசிரியைக்கு முகம் தொங்கிவிட்டது. இதற்கெல்லாம் நாலு வருடம் ஒதுக்க முடியாது என்று சனிக்கிழமையே மண்ணை மூடிவிட்டுப் போகிறார். நிலம் எனக்கே. அரங்கம் இருக்கிற குவெரினோவின் வயலுக்குத்தான் வேலி போட்டுவிட்டார்கள். நான் உழுவதை அவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும். ஓர்சோலாவும் வாயைத் திறந்துவிட்டாள். “அந்த ரோமாபுரிக்காரன் வீட்லயாவது உப்பு இருந்திருக்கும்” என்றாள்.

ஒன்று மட்டும் பேராசிரியைக்குப் புரியவே இல்லை: அந்தப் பழைய கொட்டிலின் வாசலும் கோணல். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் காலத்திலும் கயிற்றின் மறுமுனையை ஒரு மச்சான்தான் பிடித்திருக்கிறான்.