ஒரு மணி நேர வாப்பா

“கேளு மகளே, போனையே பாத்துக்கிட்டு இருந்தா கண்ணு என்னத்துக்கு ஆவும்? வாப்பா சொல்லுறது...”

அவ்வளவில் திரை இருண்டது.

ரியாத்தில் இருந்த மொகுதூமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காயல்பட்டினத்தில் இருந்த அவர் மனைவி அர்வாவுக்கு உடனே விளங்கிவிட்டது. வீட்டிலிருந்தது ஒரே போன். ஐந்து வயது நபீலாவைக் கட்டுப்படுத்த, அதை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தோடு பூட்டிவிடும் செயலியைப் பொருத்தி, ரியாத்திலிருந்தே இயக்கி வந்தவர் மொகுதூமேதான். இன்றைய மணி நேரத்தில் பெரும்பகுதியைக் கார்ட்டூன் பூனை தின்றுவிட்டது. வாப்பாவுக்கு மிஞ்சியது அறிவுரையின் முதல் வரி.

சென்ற விடுமுறையில் மகள் தம்மைக் கண்டு அலறி, உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்ததை மொகுதூம் மறக்கவில்லை. அடுத்த முறையாவது அவள் ஓடி வந்து மடியில் ஏற வேண்டும். அதற்காகவே நாள்தோறும் முகம் காட்டிப் பழக்கி வந்தார்.

மறுநாள் அர்வா போனை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்து, மாலையில் முழு மணி நேரத்தையும் அவருக்கே கொடுத்தாள்.

“மகளே, இன்னைக்குப் போன் பாத்தியா?”

“இப்பதான் பாக்குதேன். நீங்கதான் வர்றிய. பூனை எப்ப வரும்?”

மொகுதூமின் முகம் சுருங்கியது. பூனைக்கென்று இன்னொரு மணி நேரம் ஒதுக்கினார். நபீலா இரண்டையும் பூனைக்கே கொடுத்தாள். வெகுண்டவர் பூனையை அடியோடு பூட்டுவதாக எண்ணித் தவறான பொத்தானை அமுக்கினார். பூனை நேரக் கணக்கிலிருந்தே தப்பியது, அழைப்புகள் அனைத்தும் பூட்டிக்கொண்டன. வேலி போட்டவர் வெளியே நின்றார். ஆடு உள்ளே மேய்ந்தது.

கணவரின் எண் அர்வாவுக்கு மனப்பாடமில்லை. அதுவும் பூட்டுக்குள்தான் இருந்தது. அடுத்த வீட்டு ருக்கையாவின் கணவருக்கும் ரியாத்தில்தான் வேலை. அங்கே ஓடினாள்.

“லாத்தா, பிள்ளை சோறு தண்ணி இல்லாம போனும் கையுமா கிடக்கா. ரியாத்துல இருக்குற காக்காட்ட சொல்லி, அவுகளப் பூட்டைத் திறக்கச் சொல்லுங்க.”

“இதுக்கா இப்பிடி மூச்சிரைக்க ஓடியாந்த? சொல்லிட்டேன்னு வச்சுக்க, போ.”

ருக்கையா சொல்லவும் செய்தாள். கட்டட வேலையின் இரைச்சலில் நின்றிருந்த அவள் கணவர், காதில் விழுந்த மட்டும் மொகுதூமிடம் சேர்த்தார்.

“மச்சான், உங்க பிள்ளை சோறு தண்ணி இல்லாம கிடக்காளாம்!”

கிடக்கிறாள் என்றால் ஊர்ப் பேச்சில் படுத்த படுக்கை. மொகுதூமோ காரணத்தைப் பிறகு கேட்கிற மனிதர். விமானச்சீட்டை முதலில் எடுத்துவிட்டார்.

பெட்டியும் கண்ணீருமாக வாசலில் வந்து நின்றவரை நபீலா நிமிர்ந்து பார்த்தாள். போனைக் கீழே வைத்தாள்.

“வாப்பா!”

ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டாள்.

அவர் பறந்து வந்த காரணத்தைக் கேட்டதும், “பிள்ளைக்கு நோயா? யாருங்க சொன்னா?” என்று திகைத்தாள் அர்வா.

“எவன் சொன்னா என்ன, எம்புள்ள எங்கிட்ட வந்துட்டால்லா! இனி அந்தப் பூட்டும் வேணாம், சாவியும் வேணாம்.”

வெற்றிப் பெருமிதத்தோடு அவர் பேசத் தொடங்கினார். பல் துலக்குவதன் அவசியம், பள்ளிக்கூடத்தின் அருமை என்று பாதியில் அறுந்துபோன அறிவுரைகளையெல்லாம் ஒவ்வொன்றாக முடித்தார். நபீலா சமர்த்தாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவர் நெற்றியை விரலால் அழுத்திப் பார்த்தாள். மீண்டும் ஒருமுறை அழுத்தினாள். அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

“உம்மா, ஒரு மணி நேரம் ஆயிட்டு. வாப்பா இன்னும் அணையலியே!”