சர்க்கார் தேடி வந்த வயிறு

பெட்ரோல் கிடைக்காத சண்டைக் காலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்களே, அந்த வருஷம்தான் பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்தார்கள். கூடலூரிலிருந்து வருவதற்குள் பஸ் நாலு இடத்தில் படுத்துவிட்டது. மாமனாராக வரவேண்டியவரும் இறங்கித் தள்ளியிருக்கிறார். முகமெல்லாம் கரி. (அந்த முகத்தோடுதான் என்னை முறைத்தார். எவ்வளவு கோபம், எவ்வளவு கரி என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.)

அவர் ஏன் முறைத்தார் என்பதற்கு முன்னால் என் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது நம் பக்கம் மலைக்காய்ச்சல் குடியிருந்த காலம். குளிர் வந்து ஆளை ஆட்டும். திரும்பத் திரும்ப வந்தால் இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கட்டியாக நிற்கும். நான் துணி இல்லாமல் திரிந்த வயதில் மலேரியா டாக்டர் ஒருவர் மாட்டுவண்டியில் வந்தார். இத்தனை வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிக்கொண்டே வந்தவர் எங்கள் வாசலில் நின்றார். என்னைப் படுக்கவைத்து, விலாவுக்குக் கீழே விரலை வைத்துக் கட்டியை அளந்தார். அடுத்த வருஷமும் வந்தார். அதே வீடு, அதே வயிறு. பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பானை மாதிரி வயிறு. அவனுக்கு மருந்து கொடுத்தார், அளக்கவில்லை.

"ஏஞ்சாமி, இந்தப் பயலயே பாக்குறீக? ஊர்ல வேற வயிறே இல்லையா?" என்று அப்பா கேட்டுவிட்டார்.

"புது ஆளைப் பாத்தா இன்னிக்குக் காய்ச்சல் இருக்கான்னுதான் தெரியும் பெரியவரே. அதே ஆளை வருஷா வருஷம் பாத்தாத்தான் எப்ப வந்துச்சு, எப்ப போச்சு, எதனால போச்சுன்னு பிடிபடும்" என்றார் டாக்டர்.

அப்பாவுக்கு விளங்கியது. எனக்குத் தலைக்கேறியது. சர்க்காரே என்னைத் தேடி வருகிறது என்று உத்தமபாளையம் சந்தை வரைக்கும் சொல்லித் திரிந்தேன். மீசை முளைத்தும் அவர் விடவில்லை. அப்புறம்தான் எனக்கு வெட்கம் வந்தது. வண்டிச் சத்தம் கேட்டால் கம்பு கொட்டி வைக்கிற மண் குலுக்கைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வேன். ஆள் உயரக் குலுக்கை, உள்ளே இருந்தால் யாருக்கும் தெரியாது என்று எனக்கு நம்பிக்கை.

பெண் வீட்டார் பணியாரத்தில் கை வைக்கும் நேரம், வாசலில் அந்த வண்டிச் சத்தம். கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனேன், போனவன் குலுக்கைக்குள் இறங்கிவிட்டேன்.

"பையன் வெளியூர் போயிருக்கான்" என்று அப்பா டாக்டரிடம் சொல்வது கேட்டது. பெண்ணைப் பெற்ற கூடலூர்க்காரர் உடனே, "இப்பத்தான இங்கன உக்காந்திருந்தாக மாப்ள?" என்றார்.

டாக்டரோடு வந்த கம்பவுண்டருக்குச் சிரிப்பு. "ஐயா, வருசம் தவறாம ஒளியுற எடந்தான்" என்று நேராக வந்து குலுக்கையைத் தட்டினார். "ஏலே, ஏறி வா. மூச்சு முட்டிரும்."

தலையெல்லாம் கம்பு உமியோடு வெளியே வந்தேன். பட்டுச் சட்டையைத் தூக்கிப் பெஞ்சில் படுக்கச் சொன்னார்கள். படுத்தேன். டாக்டர் விலாவுக்குக் கீழே அழுத்தினார். "மூச்சை இழு. விடு." பிறகு பரீட்சையில் பாஸான பிள்ளையைப் பார்ப்பதுபோலச் சந்தோஷமாகச் சொன்னார்: "போன வருஷம் ரெண்டு விரல். இப்ப சுத்தமா இல்லை."

"போன வருசம் என்னது ரெண்டு வெரலு?" என்றார் கூடலூர்க்காரர்.

"கட்டி."

பணியாரம் தட்டுக்குத் திரும்பியது.

"இன்னும் எத்தன வருசத்துக்குய்யா வந்து பாப்பீக?"

டாக்டர் நல்ல மனுஷர், ஒளிவுமறைவு தெரியாது. "இவர் இருக்கிற வரைக்கும் வருவோம்" என்றார்.

"இருக்குற வரைக்குமா?" கூடலூர்க்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். முறைத்தது அப்போதுதான். "ஆள அனுப்பி உசிரு இருக்கான்னு பாக்குறாக. இவனுக்கு எம் புள்ளயக் குடுக்கவா?" என்று நடையைக் கட்டினார். அம்மா அடுப்படியில் அழுதது வாசல்வரை கேட்டது. நான் உமியைத் தட்டிக்கொண்டு நின்றேன். இனி இந்தப் பள்ளத்தாக்கில் எனக்குப் பெண் கிடையாது என்று நினைத்தேன்.

எட்டு நாள் கழித்துச் சம்மதம் என்று ஆள் வந்தது. அப்பாவே நம்பவில்லை.

நடந்தது இது. கூடலூரில் பெண்ணின் அக்காள் வாழாமல் வீட்டோடு இருந்தது. அதன் புருஷன் மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன் என்று போனவன், இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. அப்பன் வந்து வயிற்றுக் கதையைச் சொல்லித் திட்டித் தீர்த்ததும் பெண் கேட்டிருக்கிறாள்:

"அக்கா வீட்டுக்காரர எங்கன போயித் தேடுறது? இவர வருசாவருசம் சர்க்காரே தேடிப் புடிச்சிருதுல்ல. குலுக்கைக்குள்ள போனாலும் விடமாட்டேங்குதே. எனக்கு இந்த ஆளே போதும்."

அடுத்த வருஷம் வண்டி வந்தபோது, "அங்கன குலுக்கைக்குள்ள பாருங்க சாமி" என்று காட்டிக்கொடுத்தவள் அவள்தான்.

இத்தனை வருஷம் ஆகியும், நான் சந்தையிலிருந்து வரச் சற்று இருட்டிவிட்டால், "சர்க்காருக்கு எழுதிப் போடு, ஆளக் காணோம்னு" என்கிறாள். பேத்தி குலுக்கையைத் தட்டிப் பார்க்கிறாள்.

டாக்டர் வருவது ஒரு வருஷம் நின்றது. அப்புறம் வரவே இல்லை. காய்ச்சலும் போய்விட்டது. ஆனால் முடிந்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை. என் வயிற்றுக் கணக்குப் பாதியில் கிடக்குமே என்று எனக்கு ஒரு உறுத்தல். நீங்கள் நாலு ஊருக்குப் போகிறவர்கள். அந்த டாக்டர் வழியில் வந்தவர்கள் யாரையாவது கண்டால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: ஆள் அதே வீட்டில்தான் இருக்கிறான். கட்டி இல்லை. எங்கேயும் ஓடிப்போகவும் இல்லை.